கடித்த தரப்பும் கடிபட்ட தரப்பும்

அந்தக் கடி ஒன்றும் பெரிய கடி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரத்தம் வரவில்லை. தோல் கிழியவில்லை. முன்கையில் சின்னச் சின்னப் பற்கள் பதிந்து கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அறை முழுக்கப் பொம்மைகள் இறைந்து கிடக்க, தண்ணீர் கேனின் நீல மூடி ஒன்றுக்காக நடந்த சண்டை அது. ஒரு பிஸ்கட் தின்று முடிப்பதற்குள் கடிபட்டவன் கடிபட்டதை மறந்துவிட்டான். கடித்தவள் அவனை ஒட்டி உட்கார்ந்து அந்தப் பிஸ்கட்டின் மறுபாதியைத் தின்றுகொண்டிருந்தாள். வீட்டில் நடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடந்ததோ உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகத்தில். அங்கே கதை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

பேருந்து ஓட்டுநர் டெர்மினஸில் வண்டியை நிறுத்திவிட்டு டீயை வாயருகே கொண்டுபோனபோது போன் அடித்தது. பேசியது காப்பகத்தின் பொறுப்பாளர். அந்தத் தெருவே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளிடம் தணிந்து பேசுவார், பெரியவர்களிடம் அதைவிடத் தணிந்து பேசுவார். அன்றைக்கு என்னவோ செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினார்.

"சார், இது நிகழ்வு அறிவிப்பு. இன்னிக்குக் காப்பகத்துல உங்க பிள்ளையை இன்னொரு பிள்ளை கடிச்சிடுச்சு. முதலுதவி பண்ணியாச்சு. கடிச்ச பிள்ளை யாருன்னு விதிப்படி சொல்ல முடியாது. ஏதாவது கேக்கணுமா?"

ஓட்டுநருக்குச் சுர்ரென்று ஏறியது. அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். பையன் எதற்கும் அசையாமல் உருண்டு திரண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வீட்டில் பூசணி என்று பெயர். பெண் பிறந்த நாளிலிருந்தே காரம், அவள் மிளகாய். யாரோ பூசணியைத்தான் கடித்திருக்க வேண்டும். மிளகாயைக் கடிக்க அந்தக் காப்பகத்தில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க மிஸ். சண்டைக்கெல்லாம் போகமாட்டேன். அந்தப் பிள்ளையோட அப்பன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். பிள்ளை வளக்கிற லட்சணமா இது?"

"சொல்லக்கூடாது சார்."

போனை வைத்தார். ஆறிக்கொண்டிருந்த டீயை மறுபடி எடுத்தார். மறுபடி போன்.

"சார், இது நிகழ்வு அறிவிப்பு. இன்னிக்குக் காப்பகத்துல உங்க பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடிச்சிடுச்சு. கடிபட்ட பிள்ளை யாருன்னு விதிப்படி சொல்ல முடியாது."

"இப்பதானே மிஸ் பேசினீங்க?"

"இல்லைங்க சார். அது கடிபட்ட பிள்ளையோட பெற்றோர்கிட்ட பேசினது. இது கடிச்ச பிள்ளையோட பெற்றோர்கிட்ட பேசுறது."

"ரெண்டும் நான்தானே?"

மறுமுனையில் கதவை ஒருக்களித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மிஸ் தன்னுடைய சொந்தக் குரலில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்: "அப்படிச் சொல்லாதீங்க சார். என் உரிமம் போயிடும்."

கண்டக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி வண்டியை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுக் காப்பகத்துக்கு ஓடினார் ஓட்டுநர். அங்கே இரண்டு படிவங்கள் தயாராக இருந்தன. இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அ' என்று இருந்தது, இன்னொன்றில் 'ஆ' என்று இருந்தது. பூசணி ஓடி வந்து கையை நீட்டி, பல் தடத்தையும் மிளகாயையும் காட்டி, "பாப்பா கச்சா" என்றான். மிஸ் சட்டென்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"நான் கேக்கலை சார். நீங்களும் கேக்கலை."

"அவனே சொல்றானே மிஸ்."

"பிள்ளைங்க சொன்னா தப்பில்லை. அதை நாம கேட்டாத்தான் தப்பு."

இது இத்தோடு போகும் என்று ஓட்டுநர் நினைத்தார். போகவில்லை. படிவங்கள் உரிமத் துறைக்குப் போயின. துறையிலிருந்து ஒரு பெண் மேற்பார்வை அதிகாரி வந்தார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். அதில் மாற்றுத் துணி எதுவும் இல்லை, விதிகள் இருந்தன. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, எதிரில் இன்னொரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்த ஓட்டுநரைப் பார்த்து முதலில் ஒரு விளக்கம் கொடுத்தார்.

"பலபேர் எங்களைத் தப்பா நினைச்சிருக்காங்க சார். காப்பகத்துல பிள்ளைங்க பத்திரமா இருக்காங்களான்னு பாக்கிறது எங்க வேலைன்னு நினைக்கிறாங்க. பத்திரமா இருக்காங்கன்னு எழுதியிருக்கான்னு பாக்கிறதுதான் எங்க வேலை. எழுத்து சரியா இருந்தா பிள்ளைங்க தானா சரியா இருக்கும். எழுத்து சரியில்லாம பிள்ளைங்க மட்டும் சரியா இருந்தா, அது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது."

ஓட்டுநர் தலையாட்டினார். வேறென்ன செய்வது?

அதிகாரி இரண்டு படிவங்களையும் அக்கம்பக்கமாக வைத்தார். அவர் முகத்தில் கவலை பரவியது.

"ஒரு பயங்கரமான விஷயம் தெரிய வந்திருக்கு. கடிச்ச தரப்பும் கடிபட்ட தரப்பும் ஒரே தெருவுல இருக்காங்க."

"ஆமாங்க."

"ஒரே வீட்டு நம்பர்."

"ஆமாங்க."

"பக்கத்துப் பக்கத்து வீடா இருந்தாலே கைகலப்பு வரும். இது ஒரே வீடு. எந்த நிமிஷமும் எதுவும் நடக்கலாம். போன் நம்பரும் ஒண்ணா இருக்கு. அவங்க உங்க போனை எடுத்துப் பேசுறாங்களா?" அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்க. கடிச்ச தரப்பு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார் ஓட்டுநர். அதிகாரிக்குப் பின்னால் மிஸ் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தெரியும் என்றால், யார் சொன்னது என்ற கேள்வி வரும். காப்பகத்தில் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் உரிமம் போனால் காப்பகம் போகும், காப்பகம் போனால் மிளகாய்க்கும் பூசணிக்கும் இடம் போகும். ஓட்டுநர் வாயை மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"தெரியாதுங்க."

"ஒரே வீட்ல இருந்துமா தெரியலை?"

"நான் வீட்டுக்கு வர்றப்ப பிள்ளைங்க எல்லாம் தூங்கிட்டிருப்பாங்க."

இதை அவர் சமாளிப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், அன்று தான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று அவருக்கு உறைத்தது.

அதிகாரி உத்தரவை அங்கேயே எழுதினார். இரு தரப்பும் சமரசம் ஆகும்வரை கடித்த பிள்ளையைக் காப்பகத்துக்குள் விடக்கூடாது. இரு தரப்பும் ஒருவரோடு ஒருவர் நேரிலோ போனிலோ பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு படிவத்திலும் ஒரே மாதிரிக் கையெழுத்து இருப்பதால், சமரசக் கூட்டத்துக்குக் கடித்த தரப்பிலிருந்து வேறொரு ஆள் வர வேண்டும். கூட்டத்தின் தேதி பின்னால் தெரிவிக்கப்படும்.

ஓட்டுநரின் மனைவி அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். பெரிய பெரிய இயந்திரங்களில் வேகும் போர்வைகளை எடுத்து மடிக்கும் வேலை. தற்காலிக வேலைதான், அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டும். அதற்குள் லீவு போட்டால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எத்தனையோ பேர் அந்த இடத்துக்காக வாசலில் நிற்கிறார்கள். உத்தரவை அவளிடம் காட்ட, அவள் வீட்டு வேலை முடிக்கும்வரை ஓட்டுநர் அன்று தூங்காமல் காத்திருந்தார். அவள் துணி மடித்த கையோடு உத்தரவையும் மடித்து வைத்தாள்.

"மிளகாயை நான் எங்க வச்சிக்கிறது? வெந்நீர்த் தொட்டி பக்கத்துலயா? நேரா போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா மிஸ்ஸுக்கு உரிமம் போயிடும். அப்புறம் ரெண்டுக்குமே இடம் இல்லை."

"இடையில இது வேற. நாம ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இப்ப மட்டும் பேசிக்கிட்டா இருக்கோம்?" என்றாள் அவள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மிளகாயின் போர்வையை இழுத்துவிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஓட்டுநருக்கு அது கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

இருந்த லீவையெல்லாம் ஓட்டுநர் எடுத்தார். லீவு தீர்ந்ததும் மிளகாயைப் பேருந்திலேயே கூட்டிப்போனார். கண்டக்டர் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடம் அக்கா பிள்ளை என்று புளுகினார். மிளகாய் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்து, பூசணி இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காப்பகத்தில் பூசணியின் நிலைமை அதைவிட மோசம். எதற்கும் அசையாதவன் என்று பெயரெடுத்தவன் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டான். கஞ்சியைத் தொடவில்லை. தொடர்ந்து சாப்பிடாத பிள்ளை என்றால் நிகழ்வுப் படிவம் போதாது. உடல்நல அறிவிப்புப் படிவம் தேவை. மிஸ் அதை எடுத்தார். 'அறிகுறி' என்ற இடத்தில் பசியின்மை என்று எழுதினார். 'காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தவர் அப்படியே இருந்தார். பிள்ளை கூடப் பிறந்தவளைத் தேடுகிறான் என்று எழுதினால் கடித்தது யார் என்பது வெளியே வந்துவிடும். கடைசியில் 'ஆராயப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போய் பூசணியை மடியில் வைத்துக்கொண்டார்.

உடல்நல அறிவிப்பு போனது துறையின் இன்னொரு பிரிவுக்கு. அவர்களுக்குக் கடி பற்றி எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. அங்கிருந்து ஒருவர் போனில் கேட்டார்.

"இந்தப் பசியின்மை மத்த பிள்ளைங்களுக்குப் பரவுதா?"

"இல்லைங்க. அவன் பங்கையும் சேத்து மத்த பிள்ளைங்க சாப்பிட்டுடறாங்க."

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு அதீதப் பசி. அதுக்குத் தனி அறிவிப்பு அனுப்புங்க."

மறுநாள் காப்பகத்தின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'இக்காப்பகத்தில் பசியின்மையும் பசியும் காணப்படுகின்றன. பெற்றோர் கவனமாக இருக்கவும்.' பிள்ளைகளை விட வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா தன் பேரனின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "உனக்கு ரெண்டுல எதுடா?" என்று கேட்டார்.

இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் மருத்துவச் சான்று இல்லாமல் சமரசக் கூட்டத்துக்குத் தேதி கொடுக்க முடியாது என்று அடுத்த கடிதம் வந்தது. ஓட்டுநர் இரண்டு பேரையும் இடுப்பின் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் படிவத்தை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இந்தக் கையைக் கடிச்ச வாய்ல தொத்து எதுவும் இல்லைன்னு நான் எழுதணும். ஆனா அந்த வாய் எதுன்னு எனக்குத் தெரியக்கூடாது. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க டாக்டர்."

எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மிளகாய், டாக்டர் என்றாலே செய்ய வேண்டியது அதுதான் என்று நினைத்து, வாயை அகலத் திறந்து காட்டினாள். டாக்டர் அந்தப் பற்களைப் பார்த்தார். பூசணியின் கையைப் பார்த்தார். அதில் தடமே இல்லை, எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"நான் பாக்கலை," என்றார் டாக்டர். பிறகு, 'என் அனுபவத்தில், இந்த வயதுப் பிள்ளைகளின் வாய்கள் பொதுவாக நலம்' என்று எழுதி முத்திரை குத்தினார். துறை அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

சமரசக் கூட்டம் காப்பகத்திலேயே நடந்தது. கடிபட்ட தரப்பு விளையாட்டு அறையில். கடித்த தரப்பு, பிள்ளைகள் மதியம் தூங்கும் அறையில். நடுவே முயல் படம் வரைந்த மெல்லிய ஒட்டுப்பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம், அவ்வளவு மெல்லியது. மனைவி சாப்பாட்டு இடைவேளையில், சலவைப் பிரிவின் சீருடையோடு, பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தாள். இரு தரப்பும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதால் அவளுக்கு அந்த வாசல். அதிகாரி இரண்டு அறைகளுக்கும் நடுவே நடந்து நடந்து செய்தி கொண்டுபோவார். இன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த கூட்டம் எப்போது என்று அவராலேயே சொல்ல முடியாது. மனைவியின் மேற்பார்வையாளரோ, பெண்ணைக் காரணம் காட்டி அவள் இனி ஒருநாள் தாமதமாக வந்தாலும் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"கடிபட்ட தரப்பு தன் மனவருத்தத்தைச் சொல்லலாம்," என்றார் அதிகாரி.

"வருத்தம் எதுவும் இல்லைங்க. மன்னிச்சாச்சு."

"அவங்க இன்னும் மன்னிப்பு கேக்கவே இல்லையே சார். கேக்காத மன்னிப்பைக் கொடுக்க விதியில வழி இல்லை. முதல்ல நீங்க வருத்தப்படுங்க. நான் போய்ச் சொல்றேன். அப்புறம் அவங்க கேப்பாங்க. அப்புறம் மன்னிக்கலாம்."

எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று ஓட்டுநர் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு ஏன் கடிக்கிற பழக்கம் வந்துச்சு, வீட்ல கவனிக்கிறாங்களா இல்லையான்னு கேளுங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது என்று ஓட்டுநருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதிகாரி அந்த அறைக்குப் போய், ஏற்கனவே அங்கே கேட்டுவிட்டிருந்ததை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார். மனைவி பதில் சொன்னாள். அதிகாரி திரும்பி வந்து, ஓட்டுநர் ஏற்கனவே கேட்டுவிட்டிருந்ததை அவரிடம் சொன்னார்.

"கடிச்ச பிள்ளையோட அம்மா நல்லாத்தான் கவனிக்கிறாங்களாம். அப்பா மட்டும் எப்படி இருப்பார்னு இந்தக் கடி வரைக்கும் பிள்ளைக்குச் சரியா ஞாபகமே இல்லையாம். போட்டோவைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தாங்களாம்."

"அந்த அப்பா ஒண்ணும் ஊர் சுத்தலை, ஓவர்டைம் பாக்கிறார்னு சொல்லுங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "அவங்க வீட்டு அப்பாவுக்காக நீங்க ஏன் சார் பரிஞ்சு பேசறீங்க?"

"ஒரு மனிதாபிமானம்தாங்க."

அதிகாரி 'மனிதாபிமானம்' என்று எழுதிக்கொண்டு போனார்.  இந்தத் தடவை பதில் சொன்ன மனைவியின் குரல் கம்மியிருந்தது.

"ஓவர்டைம் பாருங்கன்னு யார் கேட்டாங்கன்னு கேளுங்க. என் வேலை நிரந்தரம் ஆயிட்டா அது தேவையே இல்லை. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், அவர் பாதியில தூங்கிடுவார். எழுப்பவும் மனசு வராது. பகல் பூரா அந்த வண்டியை இழுத்துட்டு வர்ற மனுஷன்."

ஓட்டுநர் முயல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருக்குத் தெரியாது. அவள் சொன்னதும் தெரியாது, சொன்னபோது தான் தூங்கியதும் தெரியாது. அதிகாரி மூச்சு வாங்க வந்து எல்லாவற்றையும் மறுபடி ஒப்பித்தார். 'பகல் பூரா வண்டியை இழுத்துட்டு வர்ற மனுஷன்' என்ற இடத்தில் அவர் குரலும் லேசாகத் தடுமாறியது.

"என்ன பதில் சொல்லட்டும் சார்?"

"இன்னிக்குச் சாப்பிட்டாங்களான்னு கேளுங்க."

அதிகாரி புரியாமல் பார்த்தார். ஆனாலும் 'கடிபட்ட தரப்பு, கடித்த தரப்பின் உணவு குறித்து விசாரித்தது' என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. ஓட்டுநர் தன் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து நீட்டினார். எதிர்த்தரப்புக்குப் பரிசு கொடுப்பதற்குத் தனிப் படிவம் உண்டு; அதிகாரி பெட்டியைத் திறந்து அதையும் நிரப்பினார். நிரப்பி முடித்து டப்பாவைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். தடுப்புக்கு அப்பால் மூடி திறக்கும் சத்தமும், கரண்டி டப்பாவில் உரசும் சத்தமும் கேட்டது.

பிறகு கடித்த தரப்பின் கோரிக்கை வந்தது. அதைக் கொண்டுவந்த அதிகாரிக்கே அதில் உடன்பாடில்லை.

"விசித்திரமா இருக்கு சார். கடிச்சது அவங்க. ஆனா கோரிக்கை வைக்கிறதும் அவங்க. நீங்க தினமும் சாயங்காலம், பிள்ளைங்க தூங்கிறதுக்கு முன்னாடி, அவங்க வீட்டுக்கு வரணுமாம். நான் உங்க இடத்துல இருந்தா ஒத்துக்கமாட்டேன்."

"ஒத்துக்கறேன்."

"அவசரப்படாதீங்க. பதிவாயிட்டா பதிவானதுதான். அப்புறம் அமைச்சரே நினைச்சாலும் மாத்த முடியாது."

"எழுதிக்குங்க மேடம்."

எழுதினார். மன்னிப்புக் கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது, இரண்டு அறைகளிலும் கையெழுத்து வாங்கப்பட்டது. அதிகாரி குட்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால் வலிக்கிறது என்பதைக் காட்டிக்கொள்ளாமல் பேசினார்.

"எத்தனையோ சமரசம் பண்ணி வச்சிருக்கேன். இவ்வளவு அன்பான எதிர்த்தரப்பை நான் பாத்ததே இல்லை. இது எப்படி நடந்துச்சு தெரியுமா? ரெண்டு பேரையும் பேச விடாம வச்சிருந்தோம் பாருங்க, அதனால நடந்துச்சு. விதியோட அருமை இதுதான்."

ஓட்டுநரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

அதிகாரி பேனாவை மூடினார். கதவைப் பார்த்தார். மிஸ் அங்கே இல்லை என்று உறுதியான பிறகு சொன்னார்.

"தெரியும் சார். முதல் நாளே தெரியும். ரெண்டுக்கும் ஒரே மூக்கு. ஆனா எனக்குத் தெரியும்ங்கிறது துறைக்குத் தெரியாது. தெரிஞ்சா எனக்கு யார் சொன்னதுன்னு என்மேல விசாரணை வரும். எனக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்காங்க சார். அதுங்களும் நான் வீட்டுக்குப் போறப்ப தூங்கிட்டுத்தான் இருக்கும்."

மறுநாள் காலை மிளகாய் காப்பகத்துக்குத் திரும்பினாள். திரும்பச் சேர்க்கும் பிள்ளையைக் கடிபட்ட பிள்ளைக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் இரவு ஒரே போர்வைக்குள் தூங்கி, காலையில் ஒரே பேருந்தில் ஒரே மடியில் வந்த இருவரையும் வாசலில் பிரித்து, ஒருத்தியை அம்மாவும் ஒருவனை அப்பாவும் எதிரெதிர்ப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி நடுவில் முழங்காலிட்டார்.

"பாப்பா, இவன்தான் உன் புது ஃபிரண்டு. கை கொடு."

மிளகாய் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கவுன் நுனியால் பூசணியின் மூக்கைத் துடைத்து, அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். 'அறிமுகம் எதிர்பார்த்ததைவிடச் சுமுகம்' என்று அதிகாரி எழுதினார். உள்ளே பூசணி இரண்டு கிண்ணம் கஞ்சி கேட்டான். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதீதப் பசிக்கான படிவத்தை எடுக்காமலேயே ஊற்றிக் கொடுத்தார். மனைவி வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள்.

டிப்போவில்தான் ஓட்டுநருக்கு உதறலாக இருந்தது. பகல் ஷிப்டு மட்டும் கொடுங்கள் என்று டைம்கீப்பரிடம் அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். வாயால் கேட்டிருக்கிறார், எழுதிக் கேட்டிருக்கிறார், ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். டைம்கீப்பர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இன்றைக்குச் சமரச உத்தரவை மேஜைமேல் வைத்தார். டைம்கீப்பர் முத்திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றே படித்தார். 'கடிபட்ட தரப்பினர் நாள்தோறும் மாலையில், பிள்ளைகள் உறங்குமுன், கடித்த தரப்பின் இல்லத்தில் ஆஜராக வேண்டும்.'

"என்னய்யா இது, கோர்ட்டு கேஸா?"

"துறை உத்தரவுங்க."

"கடிபட்ட தரப்புன்னா நீயா? கடிச்சது என்ன, நாயா?"

"சொல்லக்கூடாதுங்க."

டைம்கீப்பர் பேனாவை எடுத்தார். பகல் ஷிப்டு போட்டுக் கொடுத்துவிட்டு, உத்தரவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள். எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைகள் கூடத்தில் விழித்திருந்தார்கள். ஓட்டுநர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மடியில் வந்து விழுவார்கள் என்று கையை விரித்தார்.

பூசணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். விழித்திருக்கும் அப்பாவை அவன் பெரும்பாலும் பார்ப்பது விடிகாலையில், அவர் கிளம்பும்போதுதான். அப்படிப் பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எழுந்து தத்தித் தத்தி வாசலுக்குப் போனான். அவருடைய இரண்டு ஷூவையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் காலடியில் வைத்து, "டாட்டா" என்று கையாட்டினான்.

ஓட்டுநர் அவன் தலையைத் தடவினார். "இல்லடா கண்ணு. அப்பா போகலை," என்றார். பூசணிக்குப் புரியவில்லை. இன்னும் கையாட்டிக்கொண்டே இருந்தான். மிளகாய் வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். இரண்டையும் காலால் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய், அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.